வாயைத் திறங்க, அப்புறம் கும்பிடுங்க

மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போக மறுத்தால், கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால் யாருக்குக் கஷ்டமாகும் என்று முன்பே ஊகிப்பது என்னைப் போன்ற மயக்க மருந்து டாக்டரின் வேலையில் பாதி. அந்த ஊகத்தின் லட்சணத்தை 2015இல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது: சுமார் 1,88,000 நோயாளிகளின் பதிவுகளில், டியூப் போடத் திணறியவற்றில் 93 சதவீதம் யாரும் எதிர்பாராதவை.

சரி, முகத்தைக் கம்ப்யூட்டர் பார்க்கட்டுமே? அமெரிக்காவில் கானர், சீகல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011இல் 80 ஆண்களின் முகப் படங்களை வைத்து அதைச் செய்து பார்த்தார்கள். நாங்கள் வாய்க்குள் எட்டிப் பார்க்கும் மல்லம்பட்டி பரிசோதனையைவிட அது நன்றாகவே கணித்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் கஷ்டம் என்று வையுங்கள். சுலபமானவர்களில் 85 சதவீதத்தைச் சரியாகச் சொல்லும் மென்பொருள்கூட, மீதி 95 பேரில் 14 பேரை வீணாகப் பயமுறுத்தும்.

இன்னொன்று, சென்னையில் எங்கள் ஓ.பி.க்கு வரும் முகங்கள். பித்தப்பை ஆபரேஷனுக்கு ஓர் ஆட்டோக்காரர் வந்தார். நல்ல தாடை, ஒல்லியான கழுத்து. போட்டோவில் எந்த மென்பொருளும் அவருக்குப் பச்சைக்கொடிதான் காட்டியிருக்கும். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் நுழையவில்லை.

“மாவா போடுவீங்களாண்ணே?”

“எப்பவாச்சும் சார்.”

“தூங்கும்போது மட்டும்தான் சார் வாயில இருக்காது” என்றார் பின்னால் நின்ற மனைவி.

பாக்கும் புகையிலையும் கலந்த அந்த மாவாவால் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்நாராக இறுகியிருந்தது. வாய் மூடிய படத்தில் இது எங்கே தெரியும்? கனத்த தாடிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன மோவாயும் அப்படித்தான்.

நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களைக் கும்பிடச் சொல்வேன். “டாக்டருக்கு நான் கும்பிடணுமா?” என்று சிரித்துக்கொண்டே கைகூப்புவார்கள் பாட்டிகள். சிலருக்கு உள்ளங்கைகள் ஒட்டாது, விரல்களுக்கு நடுவே சந்து தெரியும். சர்க்கரையால் விறைத்த மூட்டு கையோடு நிற்பதில்லை. கழுத்திலும் இருக்கும், தலையைப் பின்னால் சாய்க்க விடாது.

ஆகவே முகத்தை மட்டும் படம் பிடித்தால் போதாது. வாய் திறப்பு, கழுத்து அசைவு, கூப்பிய கை எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்து, நம்மூர் நோயாளிகளை வைத்து மென்பொருளைப் பழக்கினால் நானே முதல் ஆளாக வாங்கிப் போடுவேன். மனைவியின் சாட்சியத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆட்டோக்காரருக்கு மூக்கை மரத்துப்போக வைத்து, விழித்திருக்கும்போதே ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் என்ற வளையும் மெல்லிய கேமராக் குழாய் வழியாக டியூப் போட்டோம். மறுநாள் ரவுண்ட்ஸில் அவர் கேட்டது ஒன்றுதான்: “கேமரா உள்ள போச்சே சார், அந்தப் படத்த என் போனுக்கு அனுப்புவீங்களா?”