அறுபதுக்கு மேல் அயோனியன் கடலில் படகோட்டினோம்

மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகில் சுற்றிவிட்டு வந்தோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "சொந்தப் படகா?" என்றுதான். இல்லை. மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாரக் கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். நாங்கள் எடுத்தது 40 அடிப் படகு. மூன்று அறை, மூன்று தம்பதிகள், எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஜூலை, ஆகஸ்ட்டைத் தவிர்த்து, கொஞ்சம் பழைய படகாகப் பார்த்து எடுத்தால், தலைக்கு விழும் செலவு சுமாரான ஓட்டலில் தங்குவதற்கு ஆவதுதான். எங்களைப் பாடாய்ப் படுத்தியது பணம் இல்லை, பாய் விரிப்பதும் இல்லை. படகைக் கொண்டுபோய்க் கரையில் நிறுத்துவதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் உரிமம். நாங்கள் போன கிரீஸில், ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவராக, பொறுப்பேற்பவர் கையில் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் இருக்க வேண்டும். கூடவே, படகு ஓட்டி அனுபவம் உள்ள இன்னொருவரும் தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கிப்பருக்கே உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் படகைக் கரை சேர்க்க ஓர் ஆள் வேண்டாமா? எங்கள் வயதில் அந்த விதி ரொம்பவே நியாயமாகப் பட்டது. பரவலாக ஏற்கப்படுவது ஐசிசி என்கிற சர்வதேசத் தகுதிச் சான்றிதழ். பிரிட்டனின் ஆர்ஒய்ஏ அமைப்பின் 'டே ஸ்கிப்பர்' செய்முறைப் பயிற்சியை முடித்தால் அதைப் பெற வழி உண்டு. என் கணவர் காரைப் பின்னால் எடுக்கும்போதே கண்ணாடி பார்க்காதவர் என்பதால், சான்றிதழ் நான் வாங்குவது என்று ஒருமனதாக முடிவானது.

பாடத்தில் பெரும்பகுதி ஓதக் கணக்கு. எத்தனை மணிக்கு நீர் எவ்வளவு ஏறும், எப்போது வற்றும் என்று வாரக் கணக்கில் மண்டையைக் குடைந்து படித்தேன். நாங்கள் போன கடலில் நீர் ஏறி இறங்குவதெல்லாம் ஒரு சாண், இரண்டு சாண். போகட்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சான்றிதழ் செல்லுமா என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் மிதந்துகொண்டிருந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எந்தக் கடல் என்பதில் கொஞ்சம் சண்டை நடந்தது. நண்பர் ஒருவருக்கு சாண்டோரினி போயே ஆக வேண்டும். அது ஏஜியன் கடல். அங்கே கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். பால்கன் பக்கம் உயரழுத்தமும் துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தமும் சேர்ந்து உண்டாக்குவது. மேகமே இல்லாத நீல வானத்தில், நாள் கணக்கில், காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 6, 7 என்று பலமாக வீசும். சாண்டோரினியில் வேறு, எரிமலைக் குழிக்குள் ஆழம் அதிகம் என்பதால் நங்கூரம் போட இடம் கிடைப்பதே அரிது. மேற்கே அயோனியன் கடல் அப்படியில்லை. காலையில் காற்றே இருக்காது. மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ என்ற காற்று எழும்பும், பொழுது சாயும்போது அடங்கிவிடும். தீவுகளும் பக்கம் பக்கம். லெஃப்கடாவிலிருந்து கிளம்பி மெகனிசி, இதாக்கா, கெஃபலோனியா என்று ஒரு சுற்று. ஒரு நாளைக்குச் சுமார் 15 கடல் மைல், அதற்கு மேல் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

படகு சனிக்கிழமை மாலை கைக்கு வந்தது. நிறுவனத்து இளைஞர் அரை மணி நேரத்தில் காட்டி முடித்துவிடுவார் போலிருந்தது. நாங்கள் விடவில்லை. ஆறு பேரும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டோம். எஞ்சின் எண்ணெய், கழிவறை பம்ப், உயிர்காப்பு மிதவையின் காலாவதி தேதி, ஏற்கெனவே இருந்த கீறல்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். பிணைத் தொகை ஆயிரக்கணக்கான யூரோ, கூச்சப்பட முடியுமா? முக்கியமாக நங்கூரச் சங்கிலியை முழுக்க வெளியே எடுக்கச் சொல்லி, எத்தனை மீட்டருக்கு என்ன நிறக் குறி என்று எழுதிவைத்தோம். கழிவறையில் காகிதம் போடக் கூடாது, அதற்குத் தனிக் கூடை என்பதை அவர் மூன்று முறை சொன்னார்.

இனி, கரையில் நிறுத்துவது. ஓதம் குறைவு என்பதால் இந்தக் கடலில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டித்தான் கட்டுகிறார்கள். கரையிலிருந்து மூன்று, நான்கு படகு நீளம் தள்ளி முன்பக்கத்திலிருந்து நங்கூரத்தை இறக்க வேண்டும். சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே படகுகள், நடுவில் நமக்கான சந்து. ஆரம்பத்தில் வேகம் இல்லாததால் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. தண்ணீருக்குள் எஞ்சின் விசிறி சுழலும் சுழற்சியில் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும். பக்கக் காற்று முன்பக்கத்தைத் தள்ளும். கரையில் காபி குடிக்கிறவர்கள் எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுக்கானில் நான், நங்கூரத்தில் கணவர். முதல் நாள், "ஏங்க, எவ்வளவு விட்டிருக்கீங்க?" என்று நான் கத்த, "என்ன?" என்று அவர் கத்த, ஊரே கேட்டிருக்கும். எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு. மறுநாள் காலையிலேயே கைச்சாடை வைத்துக்கொண்டோம். கை கீழே போனால் சங்கிலியை விடு, மடக்கிய கை என்றால் நிறுத்து, விரல்கள் என்றால் பத்துப் பத்து மீட்டர். அத்தோடு கத்தல் நின்றது. பின்னால் இருவர் ஆளுக்கொரு கயிறு, இன்னும் இருவர் பக்கத்தில் தொங்கவிடும் ரப்பர் மிதவைகள். யாரும் கரைக்குக் குதிக்கக் கூடாது என்பது கட்டளை. முட்டி போனால் பயணமே போச்சு. கயிற்றைக் கரையில் நிற்பவரிடம் வீசினால் போதும். பக்கத்துப் படகுக்காரர்கள் தானாக எழுந்து வந்து வாங்கிக் கட்டுவார்கள்.

இதாக்காவின் கியோனியில் காலையில் நங்கூரத்தைத் தூக்கினால், அடுத்தவர் சங்கிலி அதில் தொங்கிக்கொண்டு வந்தது. சிறிய துறைகளில் இது தினசரி நடப்பதுதான். பதற்றப்படாமல் ஒரு கயிற்றை அவர் சங்கிலிக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் நம் படகின் முன்பக்கத்தில் கட்ட வேண்டும். பிறகு நம் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது கழன்றுகொள்ளும். அதை மேலே ஏற்றிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் அவர் சங்கிலி தண்ணீருக்குள் போய்விடும். கேட்க எளிது. செய்யும்போது மூன்று பேர் மூன்று யோசனை சொல்வார்கள். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும்.

இடம் பிடிப்பதுதான் நாளின் கணக்கையே தீர்மானிக்கிறது. கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ, 1953 நிலநடுக்கத்தில் பெரிதாகச் சேதப்படாமல் தப்பிய ஊர்; பழைய வீடுகள் அப்படியே நிற்கின்றன. அதனாலேயே கூட்டம். மதியம் இரண்டுக்குப் பிறகு போனால் கரையில் இடம் இருக்காது. ஆனால் பாய்க்கான காற்று வருவதோ மதியத்துக்கு மேல்தான்! பாய் விரிக்க ஒரு நாள், நல்ல இடம் பிடிக்க மறுநாள் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். சாண்டோரினி நண்பர் மட்டும் காற்று வந்த நேரத்தில் பாயை இறக்குவதா என்று முணுமுணுத்தார். நியாயமான முணுமுணுப்புதான்.

கூட இருந்த வாழ்க்கை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செலவுக்குப் பொதுப் பணப்பை, ஒருவர் கணக்கு. மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வைத்தோம், ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கும். ஒரு மத்தியானம் முழுக்க யாரும் யாரோடும் பேசாமல் இருந்ததும் உண்டு. காரணம் வெறும் தக்காளி.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, டீசல் நிரப்ப வேண்டும். அங்கே நீண்ட வரிசை, கொஞ்சம் முன்கூட்டியே போங்கள். அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிணைத் தொகையை விடுவிப்பார்கள். எங்களுக்கு முழுதாகவே கிடைத்தது, போட்டோக்களைக் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை. சான்றிதழ் இல்லாதவர்கள் ஸ்கிப்பரை நாள் சம்பளத்துக்கு அமர்த்தலாம். அவருக்கு ஒரு அறை விட வேண்டும், சாப்பாடும் நம் பொறுப்பு. அதாவது மூன்று அறைப் படகில் இரண்டு தம்பதிகள்தான் போக முடியும். ஆறு பேரும் போவதென்றால் நான்கு அறைப் படகு பாருங்கள்.