ஹோமருக்கு இணை ஹாங்க் அல்லர்: இரண்டு அனிமேஷன் தொடர்களை அட்டைகளில் எழுதிப் பார்த்த அனுபவம்

மூன்று மாதங்களாக வார இறுதி நாள்களில் ஒரே வேலையைச் செய்து வருகிறேன். அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘தி சிம்ப்சன்ஸ்’, ‘கிங் ஆஃப் தி ஹில்’ ஆகிய இரண்டு அனிமேஷன் நகைச்சுவைத் தொடர்களிலிருந்தும் 24 எபிசோடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒளிபரப்பான வரிசையிலேயே பார்த்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை எழுதி, ஒரு தொடரின் பாத்திர வார்ப்புக்கு மற்றொன்றில் இணை எது என்று கண்டுபிடிப்பதே அந்த வேலை. முதல் தொடர் 1989 டிசம்பரிலும் இரண்டாவது 1997 ஜனவரியிலும் தொடங்கின. இரண்டாவதை மைக் ஜட்ஜுடன் சேர்ந்து உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் அதற்கு முன்பு முதல் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவராக இருந்தவர் என்பதால், ஒரே பட்டறையில் பழகிய கை இரண்டு குடும்பங்களை எப்படி வேறுபடுத்தியிருக்கிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதல் மூன்று வாரம் செய்த வேலை வீணாயிற்று. குடும்பத்தில் என்ன உறவு, என்ன தொழில், என்ன குறை என்று மூன்று கட்டங்களை ஒவ்வோர் அட்டையிலும் போட்டிருந்தேன். அவற்றை நிரப்பியதும் இணைகள் தாமாகவே அமைந்துவிட்டன. ‘தி சிம்ப்சன்ஸ்’ அப்பா ஹோமருக்குக் ‘கிங் ஆஃப் தி ஹில்’ அப்பா ஹாங்க், அம்மா மார்ஜுக்கு அம்மா பெகி, மகன் பார்ட்டுக்கு மகன் பாபி, பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸுக்குப் பக்கத்து வீட்டு கான், முதலாளி பர்ன்ஸுக்கு முதலாளி பக் ஸ்டிரிக்லண்ட் என்று ஒரு மாலைப் பொழுதில் எல்லாம் முடிந்தன. இவ்வளவு எளிதாக முடிந்தது எனக்கே உறுத்தலாக இருந்தது. அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்துகொண்டு பணி நேரத்தில் தூங்குகிற ஹோமரையும், புரோபேன் எரிவாயு விற்பதை ஒரு தர்மமாகவே நினைக்கிற ஹாங்க்கையும் ஒரே கட்டத்தில் வைக்க எந்த நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

என்னுடன் சேர்ந்து ஓர் எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, “அண்ணா, இந்த ஹாங்க் பேசுறதைக் கேட்டா மார்ஜ் பேசுற மாதிரி இல்ல?” என்று கேட்டாள். அன்றிரவே பழைய அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு மூன்று புதிய கேள்விகளை எழுதிக்கொண்டேன். இவர் எதைக் காப்பாற்றப் போராடுகிறார்? யார் முன்னால் கூச்சப்படுகிறார்? தவறு செய்த பின் என்ன செய்கிறார்?

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதத் தொடங்கியதும் இணைகள் குறுக்கும் நெடுக்குமாக மாறின. 1993-இல் வந்த மோனோரயில் எபிசோடில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரே மோனோரயில் எனும் ஒற்றைத் தண்டவாள ரயிலை விற்க வந்த ஒருவனின் பாடலில் மயங்கிக் கிடக்கும்போது, மார்ஜ் மட்டும் அவன் முன்பு ஏமாற்றிய ஊருக்கே போய் உண்மையைப் பார்த்து வருகிறார். புதிதாக வரும் எதையும் சந்தேகத்தோடு பார்த்து, தெருவின் ஒழுங்கைத் தனியாளாகத் தோளில் சுமக்கும் ஹாங்க்கின் வார்ப்பும் இதுவேதான். பெகியோ ஹோமரின் பக்கம் போய்விட்டார். ஸ்பானிஷ் மொழியில் தான் புலமை பெற்றவர் என்று உறுதியாக நம்புகிற அந்த மாற்று ஆசிரியை, மொழி விளங்காமலேயே ஒரு மெக்சிகோச் சிறுமியை எல்லை தாண்டி அழைத்து வந்துவிடுகிறார். பின்னர் நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றுவதும் அந்த மோசமான ஸ்பானிஷ்தான். தன் திறமையைப் பற்றிய ஐயம் சிறிதும் இல்லாமல் விண்வெளிவரை போய்வந்த ஹோமருக்கு இதைவிடப் பொருத்தமான இணையை என்னால் காட்ட முடியாது. பொதுவாகக் கணவனின் அசட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்கிற மனைவியையே இவ்வகைத் தொடர்களில் காண்கிறோம். அந்த அசட்டு நம்பிக்கையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் மீதுள்ள மரியாதையையும் குறைக்காமல் வைத்திருப்பது கிங் ஆஃப் தி ஹில்லின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

முதலாளிகளை மட்டும் இடம் மாற்றவில்லை. இருவரும் ஒரே வார்ப்புதான். வேறுபடுவது தொழிலாளியின் மனம். இத்தனை ஆண்டுகள் வேலை செய்தும் தன் பெயர் பர்ன்ஸுக்கு நினைவில் நிற்பதில்லை என்று ஹோமர் பொங்குகிறார். சூதாட்டத்திலும் பெண்களிடத்திலும் பணத்தை இழக்கும் ஸ்டிரிக்லண்டை ஹாங்க் இலட்சிய மனிதராகவே மதிக்கிறார்.

அதிக நேரம் எடுத்த இணை ஹோமரின் மகள் லீசாவும் ஹாங்க்கின் மகன் பாபியும். பார்ட்டின் அட்டையை எடுத்துவிட்டு லீசாவின் அட்டையைப் பாபிக்குப் பக்கத்தில் வைத்தபோது, இருவருமே தந்தைக்குப் புரியாத பிள்ளைகள் என்பது கண்முன் நின்றது. சாக்ஸஃபோன் வாசிக்கிற எட்டு வயதுச் சிறுமியிடம் என்ன பேசுவதென்று ஹோமருக்குத் தெரியாது. அமெரிக்கக் கால்பந்தை விட்டுவிட்டு மேடை நகைச்சுவையில் ஆசை வைத்த மகனைப் பார்த்து, ‘இந்தப் பையன் சரியில்லை’ என்று ஹாங்க் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்த இணையைச் சோதிக்க, இறைச்சியை மையமாகக் கொண்ட இரண்டு எபிசோடுகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்தேன். 1995-இல் வந்த எபிசோடில் லீசா சைவத்துக்கு மாறி, ஹோமரின் விருந்துக்காக வாட்டிக்கொண்டிருந்த முழுப் பன்றியை அடுப்போடு தள்ளிக்கொண்டு போய்விடுகிறாள். கோபமெல்லாம் அடங்கிய பின், ஹோமர் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். 1998-இல் வந்து, மறு ஆண்டு எம்மி விருது பெற்ற மற்றோர் எபிசோடில், காதலித்த பெண் கைவிட்டுப் போன துயரத்தில் இருக்கும் பாபி, சைவ உணவுக்காரியான அவள் பார்த்திருக்க, 72 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள மாட்டிறைச்சித் துண்டைத் தின்று தீர்க்கிறான். இரண்டு வீடுகளிலும் இறைச்சி வாட்டும் அடுப்பு தந்தையின் மொழியாக இருக்கிறது. லீசா அந்த மொழியை மறுத்ததால் ஹோமர் குனிந்து அவளைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பாபியோ தன் துயரத்துக்கு வேறு மருந்து கிடைக்காமல் தந்தையின் மொழிக்கே திரும்பி வருகிறான். இந்த இடத்தைக் குறிப்பெடுக்கும்போது என் கண் கலங்கியது.

தாத்தாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோமரின் தந்தை ஏப், ஹாங்க்கின் தந்தை காட்டன் ஆகிய இருவருமே இரண்டாம் உலகப் போர் வீரர்கள். மகன் வீடு வாங்குவதற்காகத் தன் வீட்டை விற்றுக்கொடுத்த ஏப் முதியோர் இல்லத்தில் விடப்படுகிறார். அவரைப் பார்த்தால் இரக்கம் வருகிறது. காட்டனைப் பார்த்தால் மகனுக்கு நடுக்கம் வருகிறது. போரில் கீழ்க்கால் எலும்புகளை, அதாவது முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடைப்பட்ட பகுதியை இழந்த அந்த மனிதர், மருமகளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் ‘ஹாங்க்கின் மனைவி’ என்றே அழைக்கிறார். ஆனால் கான் குடும்பம் குடிவந்த எபிசோடில், நீங்கள் சீனரா ஜப்பானியரா என்று ஹாங்க்கும் நண்பர்களும் கேட்டுக் குழம்பி நிற்கும்போது, கானை ஒருமுறை பார்த்தவுடன் லாவோஸ் நாட்டவர் என்று சரியாகச் சொல்பவர் காட்டன்தான். நல்லவர்களுக்குத் தெரியாதது கொடுமைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ‘கண்டிப்பான தாத்தா’ என்று நான் எழுதியிருந்த அட்டையை இதற்காகவே இரண்டு முறை திருத்தினேன். ஏப்புக்கு இன்னும் சரியான இணை அமையவில்லை. மனைவி விட்டுப் போனபின் யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கும், ஹாங்க்கின் நண்பர் பில்லின் அட்டையைத் தற்காலிகமாக அவர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு சிக்கல் வந்தது. பார்ட்டுக்கு 1989-லும் பத்து வயது, இன்றும் பத்து வயது. பாபி தொடருக்குள்ளேயே பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு வளர்ந்தான். 2025 ஆகஸ்டில் தொடர் ஹூலு என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தில் மீண்டும் வந்தபோது 21 வயது இளைஞனாக, டாலஸ் நகரில் உணவகம் நடத்தும் சமையற்காரனாக நிற்கிறான். எரிவாயு விற்றவரின் மகன் அடுப்பைத் தன் தொழிலாக்கிக்கொண்டான். அவனுக்குத் தனியாக ஒரு புது அட்டை எழுதிவிட்டேன். லீசாவுக்கு இன்னும் எட்டு வயதே ஆவதால், இணை யார் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.