கோடு போடாத ரிப்

"மக்கா, நடுவால வெட்டியாச்சுன்னு அம்புக்குறி போட்டிருக்க. பொறவு இதை மட்டும் வெட்டாம விட்டது என்னத்துக்கு? கோடில்லாத எடம் வெறும் எடம்தானே?"

நாகர்கோவில் கோணத்துப் பட்டறையில், வார்ப்பு அச்சுக்கான மாதிரி உருவமான பேட்டர்ன் செய்யும் ஆசாரி என் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டது. ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரின் பேரிங்கைத் தாங்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட்டின் ஏ–ஏ செக்‌ஷன் அது, அதாவது ஏ–ஏ கோட்டில் வெட்டியதுபோல் உள்ளே காட்டும் படம். அடித்தட்டிலும், உருண்டைப் புடைப்பான பாஸிலும் 45 டிகிரியில் மெல்லிய கோடுகள், ஹேட்ச் என்பது இதைத்தான். இரண்டையும் இணைக்கும் முக்கோணத் தாங்குதகடான ரிப் மட்டும் வெறுமையாக. "அதுதான் முறை அண்ணாச்சி, ரிப்பை நீளவாக்கில் வெட்டினால் ஹேட்ச் போடக்கூடாது" என்றேன். சொன்னது சரி. ஆனால் அவர் கேட்டது முறை என்ன என்றல்ல, ஏன் என்று.

ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்த ரிப் 60 மி.மீ. அடி, 80 மி.மீ. உயரம், 8 மி.மீ. தடிமன். அதன்மேல் கோடு போட்டால் அடித்தட்டு, ரிப், பாஸ் மூன்றும் ஒரே கட்டியாகத் தெரியும். 8 மி.மீ. தகடு, 60 மி.மீ. அகலமுள்ள திண்டு போலத் தோன்றும். அப்படியே பேட்டர்ன் செய்தால் ரிப்பின் எடை 140 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். எடைகூடப் பரவாயில்லை. தடித்த இடம் கடைசியில் உறையும், சுருங்கும்போது உள்ளே குழி விழும். துளை கடையும்போதுதான் அது வெளியே தெரியும்.

இருந்தாலும் ஆசாரி பக்கம் நியாயம் இல்லையா? வெட்டுப்பட்ட உலோகத்துக்குக் கோடு, வெட்டுப்படாததற்கும் வெற்றிடத்துக்கும் கோடில்லை. முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். ஷாஃப்ட், போல்ட், நட், ரிவெட், ஷாஃப்டில் சக்கரத்தைப் பூட்டும் சாவி, பேரிங் குண்டு ஆகியவற்றை நீளவாக்கில் வெட்டாமல் முழுதாக வரைவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, வடிவம் பார்த்தாலே தெரியும். ரிப் அப்படியல்ல. பிராக்கெட்டோடு சேர்ந்து வார்த்த உடம்பு. அதையே குறுக்கே வெட்டினால் கோடு போட்டாக வேண்டும். ஒரே ரிப், ஒரே இரும்பு.

மேல்பார்வையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வாதம். முதல் கோண முறையில் வரைந்த தாள், மேல்பார்வை நேர் கீழே இருக்கிறது, ரிப்பின் 8 மி.மீ. அங்கே அளவோடு நிற்கிறது. ஆசாரி அதையும் பார்த்திருந்தார். பார்த்த பிறகுதான் கேட்டார்.

கடைசியில் எடுத்த முடிவு: ஏ–ஏவில் ரிப் வெறுமையாகவே இருக்கட்டும்; அதன்மேலேயே 90 டிகிரி திருப்பிய சிறு செக்‌ஷன் ஒன்று, மெல்லிய கோட்டில், விளிம்பு வளைவோடு, ஹேட்ச் போட்டு. பேட்டர்ன் சரியாக வந்தது. முறையைக் காப்பாற்றியதா, முறை தனியாகப் போதாது என்று ஒப்புக்கொண்டதா என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை. இப்போது கணினியில் வரைகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை. சில மென்பொருள்களில் ரிப்பை ரிப்பாகவே மாடல் செய்து விலக்காவிட்டால் அதன்மேலும் கோடு விழுந்துவிடும். அந்தத் தாள்தான் ஃபவுண்டரிக்குப் போகிறது. இது எனக்குப் பெரிய கவலை.

அமெரிக்கப் பாடநூல்களில் இன்னொரு வழி உண்டு. ரிப் உள்ள பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு கோட்டை மட்டும் நீட்டி, ரிப்பின் எல்லையை டேஷ் கோட்டால் காட்டுவார்கள். இரும்பும் தெரியும், கட்டியாகவும் தோன்றாது. ஆசாரிக்கு நேர்ப் பதில் அதுதான் என்று சில நேரம் படுகிறது. ஆனால் நம் நாட்டு வரைபட விதிக் கையேடான எஸ்பி 46 படித்துவிட்டு ஐடிஐயிலிருந்து மெஷின் ஷாப்புக்கு வரும் பையன் அந்த அகல இடைவெளிக் கோடுகளைப் பார்த்தால் வேறொரு பாகம் பொருந்தியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வான். இடைவெளி மாறினால் பாகம் வேறு என்பதும் நாமே சொல்லிக்கொடுத்ததுதான்.