மணி பார்த்த அதிபர்

1991-ல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு, கேலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு. மறுதேர்தலில் அவரை அசைக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள்.

அப்புறம் 1992 அக்டோபர் 15, ரிச்மண்ட் நகரில் அதிபர் தேர்தல் விவாத மேடை. பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் எழுந்து, நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று கேட்கிறார். அந்த நேரம் பார்த்து புஷ் மணி பார்க்கிறார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பில் கிளின்டனோ நாலு எட்டு நடந்து அந்தப் பெண்ணின் அருகில் போய், முகம் பார்த்துப் பேசுகிறார்.

புஷ் தோற்றதற்குப் பெரிய காரணம் பொருளாதார மந்தம்தான், சரி. ஆனால் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு அசைவு எப்படி வலித்திருக்கும்! இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.