கல்வீட்டின் ஈரம்: பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் குடியேறுகிறவர்களுக்கு

தோர்தோன் பள்ளத்தாக்கிலும் லூபெரோன் மலையடிவாரத்திலும் குடியேறிய ஆங்கிலேயர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஏராளம். வாரச்சந்தை, திராட்சை மது, இரண்டு மணிவரை நீளும் மதியச் சாப்பாடு என்று அவற்றில் வருவதெல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே போய் இறங்குகிறவரின் முதல் இரண்டு வருடத்தை விழுங்குவது வீடு. குறிப்பாக, அந்த வீட்டின் தண்ணீர்.

முதலில் காகிதங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால், 2021 முதல் ஆங்கிலேயர் ஒருவருக்குப் பிரான்சில் சொந்த வீடு இருப்பது மட்டும் தங்கும் உரிமையைத் தராது. விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். நீண்டகால விசாவில் வருகிறவர் மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிந்து உறுதிசெய்ய வேண்டும். வீடு வாங்கும்போது, கோம்ப்ரோமி என்ற முன்ஒப்பந்தம் கையெழுத்தானபின் வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமலே விலகலாம். பத்திரம் எழுதும் நொத்தேரின் கட்டணமும் வரியும் சேர்ந்து, பழைய வீட்டுக்கு விலையில் 7 முதல் 8 சதவீதம் ஆகும். இதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போட்டால் கூரைக்கு வைத்த பணம் பத்திரத்துக்குப் போய்விடும்.

அந்தப் பத்து நாளில் உட்கார்ந்து படிக்க வேண்டியது செப்டிக் டேங்க் அறிக்கை. கிராமத்தில் பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டை ஸ்பாங்க் என்ற உள்ளாட்சிப் பிரிவு ஆய்வு செய்யும். விற்பனையின்போது அந்த அறிக்கை மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தொட்டி விதிப்படி இல்லையென்றால், பத்திரம் முடிந்த ஒரு வருடத்துக்குள் சரிசெய்வது வாங்கியவர் பொறுப்பு. ஐந்து முக்கிய அறைவரை (கூடமும் படுக்கையறைகளும்) உள்ள வீட்டுக்குக் குறைந்தது 3 கன மீட்டர் தொட்டி, அதற்குமேல் ஒவ்வோர் அறைக்கும் 1 கன மீட்டர். தொட்டி பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண் குடிக்குமா என்பதுதான் கேள்வி. களிமண் நிலமென்றால் மணல் வடிகட்டிப் படுகை தேவைப்படும், செலவு ஏறும். விலையைக் குறைத்துப் பேச வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது சுவர். இந்த வீடுகளின் சுவர் 50, 60 சென்டிமீட்டர் கனம். கல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறி, கற்களுக்கு இடையிலுள்ள மூட்டுகள் வழியாகக் காற்றில் உலர்ந்துவிடும். நூறு இருநூறு வருடமாக வீடு நிற்பது அதனால்தான். குடியேறியவர் அழகுக்காக மூட்டுகளைச் சிமெண்டால் பூசியதும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்பக்கம் திரும்பி, பூச்சு உதிர்ந்து, சுவரில் வெள்ளை உப்புப் பூக்கிறது. கல்லுக்குள் தங்கிய நீர் குளிர்காலத்தில் உறையும்போது கல்லின் முகமே செதிலாகப் பெயர்கிறது. உள்ளே கான்கிரீட் தளம் போட்டாலும் இதே கதி. தரையில் வெளியேற முடியாத ஈரம் சுவருக்குத் தாவும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்த கொத்தனாருக்கு இதன் மருந்து தெரியும்: சுண்ணாம்பு. பழைய சாந்தை உளியால் 2, 3 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி எடுக்க வேண்டும். மின்ரம்பம் வேண்டாம், கல் விளிம்பைக் கடித்துவிடும். முந்தின நாள் மாலையே சுவரை நனைத்து, காலையில் மறுபடி தெளிக்கவும். கடையில் என்எச்எல் 3.5 என்று கேட்டால் கிடைக்கும், நீர் பட்டால் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கல் மென்மையானதென்றால் என்எச்எல் 2. கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. ஒல்லியான கரணையால் மூட்டுக்குள் அழுத்தித் திணித்து, சில மணி நேரம் இறுகவிட்டு, கட்டைவிரல் பதியாத நிலை வந்ததும் முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் மணலின் நிறம் மேலே வரும். அதற்குமுன் தேய்த்தால் சுண்ணாம்புப் பால் கல்லில் வெள்ளையாகப் படியும். மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வெளித்தோற்றம் மாறும் வேலை என்றால் ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழகிய அதே ‘மேரி’தான். பதிலுக்கு ஒரு மாதம். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கு அருகிலென்றால் இரண்டு. வேலைக்கு ஆள் வைத்தால் பதிவு எண்ணையும் பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றையும் வேலை தொடங்குமுன் கேளுங்கள். நம் மொழி பேசுகிறவர், கைக்காசு வாங்கிச் செய்துதருகிறார் என்று சான்றில்லாதவரை நம்பினால், பிறகு விரிசல் விட்டாலும் கேட்க நாதியில்லை.

விறகை ‘ஸ்டேர்’ கணக்கில் விற்பார்கள்: ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு கன மீட்டர் அடுக்கியது. அதையே 50 சென்டிமீட்டராக அறுத்தால் இடைவெளி குறைந்து 0.8 கன மீட்டர்தான் இருக்கும். ஏமாற்றிவிட்டதாகச் சண்டை போட வேண்டாம். ஓக் இரண்டு வருடம் உலர்ந்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பச்சை விறகு சூடு தராது, புகைபோக்கியில் தாரைப் படியவைக்கும். புகைபோக்கித் தீக்கு அதுதான் காரணம். வருடத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்து அதன் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

குளிர்காலத்தில் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் பூட்டைவிடத் தண்ணீர்க் குழாயைக் கவனிக்க வேண்டும். பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடியவிட்டு, வெந்நீர்க் கலனின் மின்சாரத்தை நிறுத்தி அதையும் காலி செய்யுங்கள். வெளியே மீட்டர் குழியைத் தெர்மாகோல் வைத்து மூடுங்கள். திரும்பி வந்ததும் குழாய்களை மூடிவிட்டு வால்வைக் கால்பங்குதான் திறக்க வேண்டும். மீட்டர் சக்கரம் நிற்கிறதா, அதாவது எங்கும் கசிவில்லையா என்று பார்த்தபிறகே முழுதாக.