எரியாத பல்பு

"பாதி பல்பு எரியலடா. திருப்பி அனுப்பிடலாமா?"

முட்டிவலிக்கென்று அக்கா ஆன்லைனில் வாங்கிய சிவப்பு லைட் பலகை. ஒன்று விட்டு ஒன்று இருட்டாகக் கிடந்தது.

ஃபோனின் செல்ஃபி கேமராவை அதன் முன் நீட்டினேன். செத்துக் கிடந்த பல்பெல்லாம் திரையில் ஊதாவும் வெள்ளையுமாக ஜொலித்தன. அக்கா ஃபோனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள்.

சிவப்பாகத் தெரிபவை 660 நானோமீட்டர் அலைநீள ஒளி. எரியாதது போலிருப்பவை 850, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; கேமராவுக்குத் தெரியும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இதில் இல்லை. எனக்குப் பயம் கண்ணுக்குத்தான். பளிச்சென்று அடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். தெரியாத வெளிச்சத்துக்கு எப்படி மூடும்?

2019-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம், பருவுக்காக விற்ற நீல, சிவப்பு ஒளி முகமூடியைத் திரும்பப் பெற்றது. சில கண் நோய்கள் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சத்தைக் கூட்டும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிக்கப்படலாம் என்ற சந்தேகம்தான் காரணம்.

பெட்டியோடு வந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவின் பேரன் ஹாலில் ஆடிக்கொண்டிருந்தான். கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன்.

"அப்படியே பாதத்துக்கும் வச்சுக்கவா? மரத்துப் போகுது."

பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்தாலே அவளுக்குத் தெரியாது, சூடு எங்கே தெரியப்போகிறது? டாக்டரைக் கேட்காமல் பாதத்துப் பக்கம் கொண்டுபோகாதே என்றேன்.

"சரி சரி. எரியாத பல்புக்கும் சேர்த்தா காசு வாங்கினான்?"