ஓடும்போதே ஜிலிப்சியை மாற்றியாயிற்று

லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் வழியில், அதாவது எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே, கட்டிய என் சிஸ்டத்துக்கு எழுதிவரும் பேக்கேஜ் மேனேஜர் (புரோகிராம்களை நிறுவி அப்டேட் செய்யும் கருவி), கடைசியில் கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் சார்ந்திருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியை அப்டேட் செய்துவிட்டது. க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் இன்ஸ்டால் ஓடும்போது கண்ட இடத்தில் கில் -9 (புரோசஸை அந்த நொடியே கொல்லும் கட்டளை) அடித்துப் பார்த்தேன். சிஸ்டம் ஒருமுறைகூடப் படுக்கவில்லை.

உயிரை எடுத்தது, பழைய ஃபைலின் இடத்தில் புதியதை வைப்பதுதான். ஓடும் புரோகிராமின் ஃபைலில் நேரடியாக எழுதப் போனால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று கெர்னல் தடுத்துவிடும். லைப்ரரிக்கு அந்தக் காவல் கிடையாது. ஜிலிப்சியின் முக்கிய ஃபைலான லிப்சி.எஸ்ஓ.6 மேல் சிபி (காப்பி கட்டளை) போட்டால் மறுபேச்சில்லாமல் எழுதிவிடும். ஷெல் முதற்கொண்டு எல்லாம் செத்துவிழும்.

அதனால் டெபியன் லினக்ஸின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் வழிதான்: அதே டைரக்டரியில் .நியூ என்று எழுது, எஃப்சிங்க் செய் (டிஸ்கில் நிஜமாகவே எழுதவை), பழைய பெயருக்கு ரீநேம் செய். பழைய ஐநோடை, அதாவது பெயருக்குப் பின்னாலுள்ள நிஜ ஃபைலை, பிடித்திருக்கும் புரோசஸ்கள் அதை வைத்தே ஓடும். எஃப்சிங்கை விட்டால் பவர் போய் வந்ததும் பெயர் மட்டும் இருக்கலாம், உள்ளே 0 பைட். 2009-ல் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் வந்த புதிதில் பலரும் புலம்பியது இதைத்தான். ரீநேமுக்குப் பின் டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க் வேண்டும். ஃபைலுக்கு ஃபைல் இதைச் செய்தால் ஹார்ட் டிஸ்கில் ஆமை வேகம். எல்லா .நியூவையும் முதலில் எழுதி, மொத்தமாக எஃப்சிங்க் செய்து, அப்புறம் ரீநேம் சுற்று என்று வைத்ததும் வேகம் கண்கூடாகத் தெரிந்தது.

ஒரு ரீநேம் நடந்தால் முழுதாக நடக்கும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது. நூறு ரீநேமுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே சுற்று தொடங்குமுன் பட்டியலை ஜர்னல் என்ற பதிவு ஃபைலில் எழுதுகிறேன். பாதியில் நின்றால் அடுத்த பூட்டில், முதலில் ஓடும் குட்டி சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே மேனேஜர் அதை முடித்துவிடும். இதற்காகவே மேனேஜரை ஸ்டாட்டிக்காக, வெளி லைப்ரரி எதுவும் தேவைப்படாதபடி, லிங்க் செய்தேன். லிப்சி புதியது, லைப்ரரிகளை ஏற்றிவிடும் எல்டி.எஸ்ஓ பழையது என்று நின்றுவிட்டால் வேறெந்த புரோகிராமையும் நம்ப முடியாது. நிக்ஸ் பேக்கேஜ் மேனேஜர் போல ஒவ்வொரு பேக்கேஜையும் ஹாஷ் (தனி அடையாளக் குறியீடு) பெயரில் தனி டைரக்டரியில் வைத்தால் இந்தத் தலைவலியே இல்லைதான். ஆனால் எனக்கு எல்லா புரோகிராமும் ஒன்றாக இருக்கும் /யுஎஸ்ஆர் பழையபடியே வேண்டும்.

சோர்ஸ் எடுக்கும் மிரர் (நகல் சர்வர்) ஒன்று டார்பால் என்ற சோர்ஸ் மூட்டையில் பாதியைக் கொடுத்துவிட்டு 200 ஓகே, அதாவது எல்லாம் சரி, என்கிறது. ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 குறியீட்டைப் பார்க்காமல் எதையும் விரிக்காதீர்கள். பேக்கேஜ்களைச் சுருக்க எக்ஸ்இசட்டை விட்டு இசட்ஸ்டாண்டர்டுக்குப் போய்விட்டேன். ஆர்ச் லினக்ஸ் இப்படி மாறியபோது பேக்கேஜ்களின் மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம்தான் கூடியது, விரியும் வேகமோ பல மடங்கு.

பேக்கேஜை நீக்கும் பகுதி இன்னும் பாக்கி. மனசு என்னவோ வெர்ஷன் ஒப்பீட்டில்தான் நிற்கிறது. டெபியன் விதிப்படி 1.0~ஆர்சி1 என்ற முன்னோட்ட வெளியீடு 1.0-க்கு முன்னால் வரவேண்டும். ~ குறி ஒன்றுமே இல்லாததைவிடவும் கீழே. அந்த ஒப்பீட்டை வார இறுதியில் எழுதிவிடுவேன்.